அன்னப்பூரணி மிஸ் எழுதிய அறிக்கை

மட்டக்களப்பு நகரிலிருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அன்னப்பூரணி கணக்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றேழில் வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று மாணவர் நலனுக்கென்று நிதி கொடுத்தபோது, அவளைப் பத்து நாள் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. இரண்டு கதிரை போட்டு, யன்னலுக்குச் சீலை கட்டி, கதவில் 'மாணவர் ஆலோசனை' என்று எழுதி ஒட்டினாள்.

முதல் மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். வகுப்பில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று ஏறாவூரிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் கண்ணகை வந்தாள். வெல்லாவெளிக்காரி, படவரைஞர் வகுப்பு. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவாள்.

மூன்றாம் தடவை வந்தபோதுதான் காரணத்தைச் சொன்னாள்.

"பதினாறு வயசில என்னைக் கொண்டுபோய்ட்டாங்க மிஸ். இயக்கத்தில எட்டு மாசம் இருந்தனான். மறுகா ஓடி வந்திட்டன். இஞ்ச ஆருக்கும் தெரியாது."

"இந்த அறைய விட்டு ஒரு சொல்லும் வெளியில போகாது, புள்ள" என்றாள் அன்னப்பூரணி. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வசனம்தான். ஆனாலும் அன்று அதை மனதாரவே சொன்னாள்.

ஆண்டு முடிவில் நிறுவனம் அறிக்கை கேட்டது. "எத்தின பேர் வந்தவங்க எண்டு மட்டும் எழுதினா அவங்களுக்கு ஒண்டும் விளங்காது மிஸ். ஒரு பிள்ளையிட கதைய எழுதுங்க" என்றார் கல்லூரி அதிபர் கனகசிங்கம்.

அவள் எழுதினாள். பெயரை மாற்றினாள், இயக்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதக் குழு' என்று போட்டாள். ஊர், வகுப்பு, மயக்கம், எட்டு மாதம் எல்லாம் அப்படியே இருந்தன. எழுதும்போது கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்றும் தோன்றியது.

நிறுவனத்தார் வந்த அன்று மண்டபத்தில் மாணவர்களையும் கூட்டியிருந்தார்கள். முன்கூட்டி வாசித்துப் பார்க்காத அதிபர், அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். முன்வரிசையிலிருந்த அன்னப்பூரணிக்குத் தன் வசனங்களைக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. பின்னால் கதிரைகள் அசையும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். படவரைஞர் வகுப்பில் வெல்லாவெளியிலிருந்து வந்தவள் ஒருத்திதான். தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. கண்ணகை தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடிந்ததும் கைதட்டினார்கள். அதிபர் அன்னப்பூரணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழும்பி, சபையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆமிக்காரர் யாரும் கண்ணகையைத் தேடி வரவில்லை. ஆனால் அவளோடு பஸ்ஸில் வந்த பிள்ளைகள் சோதனைச் சாவடியில் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள். தங்கியிருந்த வீட்டுக்காரர் வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கிழமையில் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அன்னப்பூரணி குறுமண்வெளித் துறையில் தோணியேறி வாவியைக் கடந்து அவளைத் தேடிப் போனாள். தாய் சீதேவிப்பிள்ளை கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"இரிங்க மிஸ். டவுனில என்ட புள்ளைக்குத் தாய் மாதிரி இருந்தது நீங்கதானாம். என்ன கோதாரியோ, படிக்க மாட்டன் எண்டு வந்து நிக்கிறாள். நீங்க சொன்னாக் கேப்பாள்."

வெட்டிக் கொடுத்த இளநீரை அன்னப்பூரணி வாங்கிக் குடித்தாள். அந்தத் தாயின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. வழியனுப்பக் கண்ணகை அவளோடு நடந்து வந்தபோதுதான் அன்னப்பூரணி சொன்னாள்.

"பிழை என்னிலதான், புள்ள. அதிபரில இல்ல. நான்தான் எழுதினனான்."

"தெரியும் மிஸ். நான் சொன்ன சொல்லெல்லாம் அப்பிடியே கிடந்திச்சி."

"திரும்பி வா. கடைசிச் சோதனை எழுத மூணு மாசம்தான் கிடக்கு."

"ஏலா மிஸ்." துறை தெரிந்ததும் கண்ணகை நின்றாள். "எழுதினதுக்குக் கூடக் கோவமில்ல. நீங்க எழும்பிக் கும்பிட்டீங்க. அதைத்தான் மறக்க ஏலாமக் கிடக்கு."

கல்லூரிக்குத் திரும்பிய அன்னப்பூரணி அதிபரிடம் அறிக்கையைத் திருப்பிக் கேட்டாள். அது கொழும்புக்குப் போயிருந்தது. அடுத்த வருட நிதியும் வந்தது. ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, தான் செய்தது நம்பிக்கைத் துரோகம் என்று மாணவர்களிடம் சொன்னாள். யாரோ ஒரு பிள்ளை சங்கடத்தில் சிரித்துவிட்டாள். அதன்பின் அந்த அறைக்கு வருபவர்கள் குறைந்துபோனார்கள். வந்தவர்களைப் பற்றி எண்ணிக்கைக்கு மேல் ஒரு வரியும் எழுத அவள் மறுத்ததால், இரண்டு வருடத்தில் ஆலோசனை வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

அரசும் இயக்கமும் சமாதானம் பேசிய காலத்தில் கல்முனை பஸ்ஸில் கண்ணகையைக் கண்டாள். ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் வரைபடம் வரைகிறாளாம். சிரித்த முகத்தோடு நகர்ந்து இடம் கொடுத்தாள். வெயிலைப் பற்றியும் பஸ் பிந்தியதைப் பற்றியும் கதைத்தாள். தன்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்னப்பூரணியாலும் கேட்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு பஸ் தரிப்புக்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்தாள்.