எண்ணெய் உறைந்த துப்பாக்கி

அத்தபாஸ்கா ஏரிக்கரைக் கடையில் செலஸ்டீன் அந்தத் துப்பாக்கியைக் கேட்டபோது கடைக்காரர் மக்காலி சிரித்தார். அவள் கணவன் மோதெஸ்த்தின் கையில் அப்போது நீளமான வேறொன்று இருந்தது. ஏரிக்கு அந்தக் கரையில் நிற்கிற மானையும் சாய்க்கும் என்று மக்காலி புகழ்ந்துகொண்டிருந்த துப்பாக்கி அது. செலஸ்டீன் கேட்டதோ சுவரில் தொங்கிய குட்டைத் துப்பாக்கி. விசையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே தெறித்து, அடுத்தது உள்ளே ஏறிவிடும்.

"அது பொம்பளைங்க தூக்கற சாமானும்மா," என்றார் மக்காலி.

"தூக்கப் போறவளும் பொம்பளைதான். எங்க காட்டுல மரத்துக்கு மரம் இடிக்குது. ஏரி தாண்டி யாரைச் சுடறதாம்?"

ரோமக் கையுறையைக் கழற்றாமலே வளையத்தைத் தள்ளி இழுத்துப் பார்த்தாள். விரல்கள் தாராளமாக நுழைந்தன. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் குழலைப் பிடித்து உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வளையம் மூடும்போது ஆடுகிறதா என்று அசைத்தாள். இதற்கான தோட்டா வருஷம் முழுவதும் கடையில் இருக்குமா என்றும் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு மோதெஸ்த் நீளத் துப்பாக்கியை மனமில்லாமல் திரும்ப வைத்தான். "என் பெரிய வேட்டைக்காரி" என்று அன்று ஆரம்பித்த கிண்டலை அவன் பிறகு விடவேயில்லை.

பனி விழத் தொடங்கும்போது அவள் துப்பாக்கியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து வைப்பாள். எங்கள் பக்கத்துக் குளிரில் எண்ணெய் களிம்பாக இறுகிவிடும். வீட்டுக்குள்ளும் கொண்டுவர விடமாட்டாள். அடுப்புச் சூட்டில் இரும்பு வியர்க்கும், வெளியே போனதும் அந்த வியர்வை பனிக்கட்டியாகும். அதனால் அது வெளியே, கூரை இறவாணத்துக்கு அடியில் ஆணியில்தான் தொங்கும். எண்ணெய் காணாத இரும்பைப் பார்த்தால் தன் வயிறே காய்கிற மாதிரி இருக்கிறது என்பான் மோதெஸ்த். அவன் அப்பா எதற்கும் எண்ணெய் பூசுகிறவர்.

முயல்கள் அற்றுப்போன குளிர்காலம் அது. கண்ணிகளில் ஒன்றும் விழவில்லை. பனிக்கட்டிக்கு அடியில் போட்டிருந்த மீன்வலையை ஏரி விழுங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து விறகு வெட்டிய கோடரி வழுக்கி மோதெஸ்த்தின் பாதத்தில் இறங்கியது. புண் கறுத்து, கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சல் ஏறிவிட்டது. மாவு தீர்ந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. பனிவண்டி இழுத்த நாய்களை ஒவ்வொன்றாக அடித்துத் தின்றார்கள். கடைசி நாய்க்கு மூத்தவள் ரோஸாலிதான் பெயர் வைத்திருந்தாள். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் மறுநாள் தானாகவே கேட்டு வாங்கித் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த செலஸ்டீனுக்கு மார்பில் பால் வற்றியது. ஓவில் என்ற கைக்குழந்தை அழுவதற்குக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தான். நாய் இல்லாமல், நடக்க முடியாத புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கண்ணி பார்க்கப் போன ஒருநாள் ஓடைக்கரையில் மூஸ் மானின் புதுத்தடத்தைக் கண்டாள். ஓடி வந்து, துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்து, மிச்சமிருந்த நாலு தோட்டாவையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மூஸ் வந்த வழியையே மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும். தடத்தின் மேலேயே போகாமல், காற்று தன் முகத்தில் அடிக்கும்படி வளைந்து வளைந்து போனாள். வில்லோப் புதருக்குள் கறுப்பாக அது நின்றது. குறி பார்த்து விசையை இழுத்தாள். சேற்றில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வெடிக்கவில்லை. வளையம் இறுக்கமாக, முனகிக்கொண்டு திறந்தது. அடுத்த தோட்டாவும் அப்படியே. மூஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

அவள் துப்பாக்கியை முகத்தருகே கொண்டுவந்தாள். தோலுக்குப் பூச வைத்திருந்த, தின்ன முடியாதபடி கெட்டுப்போன கரடிக் கொழுப்பின் வாசனை. இரும்பு இடுக்கெல்லாம் வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. படுத்த படுக்கையில் பெண்டாட்டி கொண்டுவரும் நாய்க்கறியைத் தின்கிற ஆண்பிள்ளை, தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறான். காய்ச்சலில் அவனுக்கு அப்பாவின் கை ஞாபகம் மட்டும் மிஞ்சியிருக்கும். ரோஸாலியை விட்டு எடுத்துவரச் சொல்லி, துடைத்துப் பூசி, அவள் திட்டுவாள் என்று திரும்பவும் ஆணியில் மாட்டச் செய்திருக்கிறான். பனியில் மண்டியிட்டு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். செத்துத் தொலை என்றுகூடச் சொன்னாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு பனிக்குள் கையை விட்டுத் துழாவி, வெளியே தெறித்த தோட்டாக்களைப் பொறுக்கினாள். தேவதாரு மரத்தடியில் நெருப்பு மூட்டினாள். துப்பாக்கியைக் காலி செய்து, வளையத்தைத் திறந்து வைத்து அனலில் காட்டினாள். கொழுப்பு உருகிச் சொட்டியது. உள்பாவாடையைக் கிழித்து, குச்சியில் சுற்றி, சந்து சந்தாகத் துடைத்தாள். காட்டுவதும் துடைப்பதுமாகத் துணியில் பிசுக்கு ஒட்டாத வரைக்கும் விடவில்லை. சுடச்சுட எடுத்துப் போனால் மேலே விழும் பனி உருகி உறையும். ஆகவே இரும்பு ஆறும்வரை காத்திருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அந்தக் காத்திருப்புதான் தன் வாழ்நாளிலேயே நீளமானது என்று பின்னாளில் சொல்வாள்.

மூஸ் வெகுதூரம் போயிருக்கவில்லை. முதல் குண்டு வெடித்தது, ஆனால் வயிற்றில் பட்டது. அது பாய்வதற்குள் வளையத்தைத் தள்ளி இழுத்து மறுபடி சுட்டாள். முன்னங்கால் மடிந்து விழுந்தது. ஓடிப்போய் அதன்மேலேயே விழுந்து, ஈரலை அறுத்துச் சூடாகத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

விடிந்தபின் தோலில் கறியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தாள். ரோஸாலி கதவருகே சுவரோடு ஒட்டி நின்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள். குழந்தைக்கு உயிர் இருந்தது. மோதெஸ்த் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது.

"வேட்டைக்காரி வந்துட்டாளா?"

"வந்துட்டேன். மூஸ். கொழுத்தது."

"துப்பாக்கிய நான் தொடச்சு எண்ணெ போட்டு வச்சேன். நல்லா சுட்டுதா?"

செலஸ்டீன் கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"நல்லா சுட்டுது," என்றாள். "தண்ணி மாதிரி ஓடுது வளையம்."

அவன் சிரித்தான். அன்று சூப்பு கொஞ்சம் குடித்தான். நான்காம் நாள் இறந்தான். தரை பாறையாக உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியவில்லை. ஓநாய்கள் எட்டாத உயரத்தில் மீன் காயப்போடும் பரணில் அவனைக் கம்பளியால் சுற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கறியையும் சறுக்குப்பலகையில் ஏற்றி, தோளில் கயிறு மாட்டி ஊருக்கு இழுத்துப் போனாள். ஏரி உருகியதும் அவன் தம்பிகள் படகில் போய் அடக்கம் செய்தார்கள்.

ஊரில் அவளை மறுமணத்துக்குக் கேட்டவர்கள் உண்டு. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வேட்டையாடியும் தோல் பதனிட்டும் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். ரோஸாலி மட்டும் ஒரு கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்காமலே வைத்திருந்தாள். தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒருவழியாகக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அத உள்ள எடுத்துக் குடுத்தது நான்தான். சொல்லாதன்னாரு அப்பா. அதனாலதான் நீ வர லேட்டாச்சா?"

செலஸ்டீன் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆமா," என்றாள். "ஆனா அவரு சந்தோஷமா போனாரு. அது உன்னாலதான்."