சனிக்கிழமைக் கயாக்

இரண்டு பேர் இருந்து ஓட்டுகிற கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். அதனால் அண்ணையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முதுகு. அதன் பிறகு காதுவரை இழுத்துவிட்ட நீலக் கம்பளித் தொப்பி. முகம் மெல்லத்தான் வரும். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. டென்மார்க்கில், ஒடென்சே நகரில் நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் எனக்கு முன்பே சேர்ந்தவர். நான் இருக்கிற கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்தவர். குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்ச் பல வருடங்களாகிவிட்டன. போன நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான்: மனிதர் திரும்பி வந்து அந்த முன் இருக்கையில் குந்த வேண்டும்.

கயாக் எங்கள் இருவருக்கும் பொது. கெர்டெமின்டே என்கிற கடலோர ஊரில் ஒரு டெனிஷ் பென்சன்காரர், மனைவிக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது என்று சொல்லி விற்றார். பச்சை நிறம், நல்ல நீளம், மேலே ஏறிக் குந்துகிற வகை. அண்ணையின் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு பேரும் நன்றாக நீந்துவோம் என்று ஒருவருக்கொருவர் புளுகியிருந்தோம். முதல் நாளே முழங்கால் ஆழத்தில் கவிழ்ந்து, லைஃப் ஜாக்கெட்டோடு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உண்மை வெளியே வந்தது. கரையில் நாயோடு நடந்துபோன ஒரு பெண் உதவி வேண்டுமா என்று கேட்டாள். "நை, நை, தக்" என்று டெனிஷில் நன்றி சொல்லி மறுத்தார் அண்ணை, நாங்கள் ஏதோ வேண்டுமென்றே அப்படி நின்றதுபோல.

நாங்கள் தேடிப்போனது ஹாவ்ஓரெட் என்கிற கடல் ட்ரௌட்டை. வெள்ளி விலாவும் அதில் கரும்புள்ளிகளுமாக, கல்லும் கடற்புல்லும் கலந்த இடங்களில் கரையை ஒட்டித் திரிகிற மீன். மே மாதத்தில் முரல் மீன் கூட்டமாக வரும்; அதை யாரும் பிடிக்கலாம். ட்ரௌட் அப்படியில்லை. காலையிலிருந்து தகட்டு இரையை எறிந்து எறிந்து இழுத்தாலும் வெறுங்கையோடு திரும்பிய நாட்களே அதிகம். அந்த வெறுங்கை நாட்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது ஏங்குகிறேன்.

எங்களுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் வாய்த்தது. வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டேன். மீன் சட்டி முதல் நாளே கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்கு ஆராதனை. டென்மார்க்குக்கு வந்தபிறகு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர். காய்ச்சல் என்றாலும் போவார். மற்ற நாட்களில் இருவருக்கும் வேலை. அந்தச் சனிக்கிழமையிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. புரட்டாசி வந்தால் எனக்குச் சனிக்கிழமையும் விரதம். அது ட்ரௌட்டுக்குத் தெரியுமா? குளிர் தொடங்குகிற அந்த நேரத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு வரும். நான் தூண்டிலைத் தொடாமல் துடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு பசியோடு ஓட்டுவேன். பிடித்ததெல்லாம் மேல்மாடிக்குப் போகும்.

"உன்ரை சனீஸ்வரன் நல்லவர் தம்பி. எனக்கெல்லோ அள்ளித் தாறார்" என்பார் அண்ணை.

"அண்ணை, வாயைக் கிளறாதையுங்கோ. பசி கண்ணைக் கட்டுது. கவிட்டுப்போட்டுப் போயிடுவன்" என்பேன்.

மீன் கொத்தினால் அவர் "ஸ்தோத்திரம்!" என்று கத்துவார். என்னுடையதில் கொத்தினால் நான் "முருகா!" இரண்டுக்கும் மீன் சிலவேளைகளில் கழன்று போகும். கரைக்கு வந்ததும் அவர்தான் வெட்டுவார். தலை அவருக்கு, வால் எனக்கு, நடுத்துண்டு பாதி பாதி. அந்த மீன்தலையில் அவருடைய மனைவி வைக்கிற தேங்காய்ப்பால் சொதியின் மணம் படியிறங்கி எங்கள் கதவுக்குள் வரும். என் மனைவி மூக்கை உறிஞ்சிவிட்டு, "தலையை அவையிட்டைக் குடுத்துப்போட்டு வாலோடை வந்து நிக்கிறார்" என்று என்னைப் பார்ப்பாள்.

இங்கே கடற்கரையில் மீன் பிடிக்கிற டெனிஷ்காரர் பலர், நல்ல மீனையும் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்தால் அண்ணைக்குப் பற்றிக்கொண்டு வரும். "விடுறதெண்டா பிறகு என்னத்துக்கடாப்பா பிடிக்கிறது?" நாற்பது சென்ரிமீற்றருக்குக் குறைந்ததைச் சட்டப்படி விட வேண்டும். அதைக்கூட அவர் வாலை நீவி நீவி அளந்து பார்த்து, ஒரு பெருமூச்சோடுதான் விடுவார். தானாக ஒரு மீனை விட்டதை நான் கண்டதில்லை.

பிறகு அவர் போனார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், அவருடைய மனைவியின் சகோதரிகள் எல்லாம் அங்கே, பெரிய தமிழ்ச் சபையும் அங்கே. இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் போயின. நான் அதற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் சாமான் ஏற்றுகிற அன்று படியில் அவரோடு கட்டில் சட்டத்தைப் பிடித்து இறக்கும்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைக் கட்டிலில்தான் காட்டினேன். "மெல்லடாப்பா, உடைச்சுப் போடாதை" என்றார். கயாக்கைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது கட்டடத்தின் சைக்கிள் கொட்டிலில் கிடந்தது.

தனியாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின்னால் ஒருவன் மட்டும் இருந்தால் கயாக்கின் மூக்கு மேலே தூக்கிவிடும். சின்னக் காற்றுக்கும் சுற்றும். முன்னுக்குப் பாரம் வேண்டும். எனக்கு உடனே தோன்றியது அரிசி மூட்டைதான். தமிழ்க் கடையில் வாங்கிய புது பஸ்மதி மூட்டையைக் குப்பைப் பைகளில் சுற்றி முன் இருக்கையில் வைத்தேன். மூட்டை நன்றாகத்தான் குந்தியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பை கிழிந்து, அடிப்பக்க அரிசி உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது.

"தின்னுற அரிசியை ஆராவது கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவினமோ?" என்று கேட்டாள் மனைவி. ஒழுங்கான கேள்வி. எறிய மனமில்லாமல் காயப்போட்டுச் சமைத்தோம். கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக் கறிகளுக்கு உப்புத் தேவைப்படவில்லை. அதன் பிறகு மணல் மூட்டை வைத்தேன். கயாக் நேராகப் போயிற்று. ஆனால் பேச்சில்லை, "ஸ்தோத்திரம்" இல்லை, நான் தாளம் தப்பினால் துடுப்பும் துடுப்பும் இடித்து "எங்கை பாத்துக்கொண்டு வலிக்கிறாய்?" என்று கேட்க ஆளில்லை. ஒரு மீன் கிடைத்தபோது தலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "ஏப்ரலுக்கு வாறன் தம்பி" என்பார். எத்தனையோ ஏப்ரல் வந்து போயிற்று. இந்த ஏப்ரலில் உண்மையாகவே வந்தார். சபையில் ஒரு கலியாணம். வியாழன் பின்னேரம் வந்திறங்கினார், சனிக்கிழமை கலியாணம், ஞாயிறு ஆராதனை முடிய விமானம். மிஞ்சியது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

நான் வேலைக்கு லீவு போட்டேன். "வெள்ளிக்கிழமையிலையோ?" என்றாள் மனைவி.

"நான் பிடிக்கேல்லை. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போறன், அவ்வளவுதான்."

அவள் பிளாஸ்கில் தேநீர் ஊற்றித் தந்தாள். அவருக்கு ஒரு தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்துவிடுங்கோ என்று இன்றைக்குக் கேட்டே தீருவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

கயாக்கில் ஏற அவருக்கு நேரம் எடுத்தது. முழங்கால் மடங்கவில்லை. என் தோளைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, மற்றக் காலை வைத்தார். ஆனால் குந்தியதும் கயாக் பழையபடி தண்ணீரில் சமமாக இருந்தது. அந்த முதுகைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. காற்று இல்லை. அவர் லண்டன் கதைகள் சொன்னார். கடையில் நிற்கிற வேலை, பஸ், மழை. நான் அவர் வலிக்கிற தாளத்துக்கு வலித்துக்கொண்டு கேட்டேன். இப்படியே நாள் முழுக்க இருக்கலாம் போலிருந்தது.

கற்கள் தெரிகிற இடத்தில் மீன் கொத்தியது. "ஸ்தோத்திரம்! தம்பி, பிடி, ஆடாமல் பிடி!" மீன் இருமுறை துள்ளி விழுந்தது. கடைசியில் கயாக்குக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல வெள்ளி, அளக்கவே தேவையில்லாத நீளம். நான் வலையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையை நனைத்து, தூண்டிலைக் கழற்றி, வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மீன் ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

"அண்ணை! என்ன விசர் வேலை பாக்கிறியள்?"

"உனக்கு இண்டைக்கு வெள்ளி. நான் தனியத் திண்டு என்ன காணப்போறன்?"

கேட்க நினைத்ததை அப்போதே கேட்டுவிட்டேன். "அண்ணை, இஞ்சாலை திரும்பி வாற எண்ணம் இல்லையோ?"

அவர் துடுப்பை மடியில் குறுக்கே வைத்தார். "மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. அவள் வேலைக்குப் போக நாங்கள்தானே பாக்கிறம். என்ரை முழங்காலையும் கண்டனிதானே." துடுப்பைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ ஒற்றைக் கயாக் ஒண்டு வாங்கு தம்பி. இந்தப் பெரிசைத் தனிய இழுத்துக்கொண்டு அலையாதை" என்றார்.

கரைவரை கோபமாகவே வலித்தேன். அவர் மேல் கோபமா, லண்டன் மேலா, அந்தக் குழந்தை மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகையும் வந்தது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும்போது அவரும் மூக்கைச் சிந்தினார், குளிர் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்தக் கேள்விதான். "ஒற்றைக் கயாக் வாங்கினியோ?" இல்லை என்றால் மனிதருக்குக் கவலை. பின்னால் தனியாக இருந்து கவிழ்ந்துவிடுவேனாம். போன கிழமையும் கேட்டார்.

"ஓம் அண்ணை, வாங்கிட்டன்" என்றேன். நான் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"நல்லது, நல்லது" என்றார். கடைக் கதவு மணி அடிக்கிற சத்தம் கேட்டது. கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள், தொலைபேசியை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப எங்கடை பச்சைக் கயாக்கை என்ன செய்தனி?"

"கொட்டிலுக்கைதான் கிடக்கு அண்ணை."

"அதை வித்துப்போடாதை தம்பி" என்றார்.