உலை கொதிப்பதற்குள்

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு நாவலுக்குள் இரண்டாவது முழுநிலவைத் தேடிப் பிடித்திருக்கிறார் அவர். முதல் முழுநிலவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. கதாநாயகனும் கதாநாயகியும் பாறைமேல் உட்கார்ந்து பார்த்த நிலவு அது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே நிலவு மறுபடியும் வட்டமாக வந்து நிற்கிறது, புலி வருகிற காட்சிக்கு வெளிச்சம் காட்ட. "எழுதறவருக்கு எப்பெல்லாம் வெளிச்சம் வேணுமோ அப்பெல்லாம் ஸ்விட்ச் போட்டுக்கிறாரு" என்கிறார், புலியைப் பற்றித் துளிக் கவலையும் இல்லாமல்.

பேருந்துப் பணிமனையில் அவர் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதி வைப்பதுதான் வேலை. ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் 'பென்சில் சார்'. வெளியே போகிற வண்டியை அவர் பென்சிலால்தான் எழுதுவார். அது திரும்பி வந்து, வாசலில் ஹாரன் அடித்து, ஓட்டுநர் சாவியைக் கொக்கியில் மாட்டிய பிறகுதான் அதே எழுத்தின்மேல் மைப்பேனா ஓடும். மற்ற ஷிப்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே பேனாவில் காரியத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். இவருக்கு மட்டும் ஒரு வண்டிக்கு இரண்டு எழுத்து.

கடைசி வண்டி வரும்வரை பேனாவுக்கு மூடி போடமாட்டார். "மூடி போட்டா ஷிப்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். வண்டி வெளிய நிக்கறப்ப நாம எப்படி முடிக்கிறது?" மூடாத பேனாவில் மை காய்ந்துபோகும். காய்ந்த முனையைக் கீழுதட்டில் தொட்டு உயிர்ப்பிப்பார். அதனால் அவருடைய உதட்டில் எந்நேரமும் ஒரு நீலப் பொட்டு. புதிதாகச் சேரும் நடத்துநர்கள் அதை ஏதோ நோய் என்று நினைத்து ஒரு மாதம் தள்ளி நின்றே பேசுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு வேறொரு ஷிப்டுக்காரர், கல்யாண வரவேற்புக்கு நேரமாகிறது என்று, வராத வண்டிகளையெல்லாம் 'வந்தது' என்று முன்கூட்டியே எழுதிவிட்டுப் போனார். அதில் ஒன்று மலைப்பாதையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மறுநாள் காலைவரை யாரும் தேடவில்லை. காகிதத்தில்தான் அது வீடு வந்து சேர்ந்துவிட்டதே! வந்துவிட்ட வண்டியை எந்தப் புண்ணியவான் தேடிப் போவான்?

இப்படிப்பட்ட மனிதர் ஒரு காட்டு நாவலில் மாட்டிக்கொண்டது இலக்கிய ஆர்வத்தால் அல்ல. பொறாமையால்.

அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அந்த நாவலைப் பள்ளிப் பருவத்திலிருந்து எட்டு முறை படித்தவர். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, மூன்று தலைமுறையின் போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படிக்கப்பட்ட நாவல் அது. காணாமல்போன நில அளவைக் குழு ஒன்றைத் தேடி ஐந்து பேர் காட்டுக்குள் போவதுதான் கதை: கதாநாயகன், ஒரு மருத்துவர், ஆண் வேடத்தில் கதாநாயகி, ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில் மனைவி, "அவன் மாதிரி ஆம்பளை இப்ப எங்க இருக்காங்க? சொல்லாம கொள்ளாம கிளம்பிடுவான். நீங்க காய் வாங்கப் போறதுக்கே எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு சொல்லிட்டுப் போறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

மறுநாள் புத்தகத்தை எடுத்தார். அந்த ஆள் எத்தனை மணிக்குக் கிளம்பினான், எங்கே தங்கினான், ஒரே பகலில் அவ்வளவு தூரம் எப்படி நடந்தான் என்று ஒருகை பார்த்துவிடுவதென்று முடிவு. சாப்பாட்டறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஐந்து கயிறு கட்டினார், ஆளுக்கு ஒன்று. பழைய பணிச்சீட்டுகளின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு சீட்டு எழுதித் துணிக் கிளிப்பால் மாட்டினார். கயிற்றைக் கண்டால் மனைவியின் கை சும்மா இருக்குமா? மலையேறுகிற நாளின்மேல் ஈரத்துண்டு தொங்கியது.

"என்னங்க இது, கதையைக் கொடியில காயப்போடறீங்க?"

"உன் ஆளு ஒன்பது நாள் லீவே எடுக்காம நடந்திருக்கான். எங்க டெப்போவா இருந்தா யூனியன்காரன் வாசல்ல உக்காந்திருப்பான்."

"அவனுக்கு என்ன, உங்களை மாதிரி முட்டிவலியா?"

ஒரு கட்டத்தில் அவருக்குப் பெரிய வேட்டை கிடைத்தது. சதுப்பு நிலத்தில் படுத்தவர்கள் மலையுச்சியில் விழிக்கிறார்கள். நடுவே ஒரு முழு நாளைக் காணோம்! தான் தயாரிக்கும் அட்டவணையைப் பற்றியும் சொல்லி, பதிப்பகத்துக்கு நீளமாகக் கடிதம் போட்டார். பதிப்பாசிரியர் மரியாதையாகப் பதில் எழுதினார்: ஐயா, அந்த நாள் இருக்கிறது, தங்கள் பிரதியில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், தயவுசெய்து பார்க்கவும். பார்த்தார். ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. மனைவி பள்ளி நாளில் மிட்டாயைப் பக்க அடையாளமாக வைத்திருந்திருக்கிறார். வெட்கத்தில் இவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அதே கடிதத்தின் கீழே பதிப்பாசிரியர் இன்னொன்றும் கேட்டிருந்தார். நாவலின் புதிய பதிப்பு வரப்போகிறது, தங்கள் அட்டவணையை மடித்துவைக்கும் பெரிய தாளாகப் பின்னால் சேர்க்கலாமா? தங்கள் பெயரோடு?

பெயரோடு. முப்பது வருடமாக நாள்தோறும் எழுதுகிற மனிதருக்கு, எழுதியதற்குக் கீழே பெயர் வரப்போவது இதுதான் முதல் தடவை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மனைவி மருத்துவமனையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவர்கள் உட்பட. அவர்கள் மறுத்துப் பேசவில்லை.

கதாநாயகனைப் பிடிக்கப் போன இடத்தில்தான் சமையல்காரர் அகப்பட்டார். ஐந்தாவது கயிறு பாதியிலேயே நின்றுபோனது. மற்ற நாலு கயிறும் ஆளுக்கு ஒரு முடிவுவரை சீட்டுகளோடு போக, இது மட்டும் ஆற்றங்கரை நாளோடு வெறுங்கயிறாகத் தொங்கியது. இந்த முறை முன்ஜாக்கிரதையாகப் பக்கங்களையெல்லாம் விரலால் பிரித்துப் பார்த்தார். நூலகப் பிரதியையும் புரட்டினார். மிட்டாய் இல்லை. ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிய சமையல்காரரிடம் கதாநாயகன் சொல்கிறான்: "நீ இங்கேயே இரு. உலை கொதிப்பதற்குள் வந்துவிடுகிறோம்." நாலு பேரும் ஆற்றைக் கடக்கிறார்கள். அதன்பின் வெள்ளம், குகை, காணாமல்போன குழு கிடைப்பது, மலைக்கு அந்தப் பக்கம் இறங்குவது, கப்பல், கல்யாணம். எல்லாம் ஆகிறது. ஆற்றங்கரைக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. வாராவாரம் அவசரத்தில் எழுதியவர் ஒரு வாரம் அந்த மனிதரை மறந்துவிட்டார், அவ்வளவுதான். காணாமல்போனவர்களைத் தேடிப்போன கூட்டம் ஒருவரைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. மூன்று தலைமுறை வாசகர்களும் கப்பலில் ஏறிக் கையசைத்திருக்கிறார்கள்.

மனைவியிடம் சொன்னபோது வெற்றிபெற்ற முகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இல்லை. வண்டி வராத முகம்தான் இருந்தது.

"போய்க் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார் மனைவி. "எழுதலைன்னா போகலைன்னு ஆயிடுமா? கல்யாணத்துக்கு அப்புறம் ஆள் அனுப்பியிருப்பான். அவன் அப்படி விட்டுட்டு வர்றவன் இல்ல."

"எந்தப் பக்கத்துல ஆள் அனுப்பினான்? காட்டு, நான் மாட்டிடறேன் கயித்துல."

மனைவி மறுநாள் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்குத்தான், இவர் அனுப்பிவைத்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, பதிப்பாசிரியரும் பணிமனைக்குப் போன் செய்தார். "அட்டவணை பிரமாதம் சார். ஒரே ஒரு சந்தேகம். அஞ்சாவது வரிசை பாதியில நிக்குதே? அதுவும் பென்சில்ல?"

"அது சமையல்காரர். இன்னும் வரல."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "வழிகாட்டியோட போயிருப்பாரோ?"

"வழிகாட்டி குகைக்கு முன்னாடியே முதலை வாயில போயிட்டாரு சார். அவருக்கு முடிவு இருக்கு. இங்க் போட்டாச்சு."

பதிப்பாசிரியர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எழுதினவர் இப்ப இல்ல. அவர் மறந்துட்டாருன்னு அவரோட புத்தகத்துக்குப் பின்னாடியே போட்டா, அவர் வீட்டுக்காரங்க மனசு என்ன ஆகும்? கடைசி நாள்ல 'அனைவரும் கப்பலேறினர்'னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"சமையல்காரருக்கு" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு வண்டி உள்ளே வந்து ஹாரன் அடித்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வரி வராவிட்டால் தாளையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று பதிப்பாசிரியர் வருத்தத்தோடு சொல்லி வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஐந்தாவது கயிற்றின்கீழ் உட்கார்ந்தார். ஒரு வரி. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சமையல்காரர் பிறக்கவே இல்லை, சாகவும் இல்லை. உப்பு மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த, மொத்தமாக நாலு இடத்தில் பேசிய, காகித மனிதர். அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டால் தன் பெயர் அச்சாகும், மனைவிக்கு மருத்துவமனையில் தலைநிமிரும். 'அ' என்று எழுதக் கை போனது. பேனா காய்ந்திருந்தது. உதட்டில் தொட்டுக்கொண்டார். மறுபடியும் காய்ந்தது.

மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"தேடிப் பாத்துட்டேங்க. இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டு தடவை. எட்டு தடவையும் நானும் அந்தாளை அடுப்புகிட்ட விட்டுட்டுத்தான் கல்யாணத்துக்குப் போயிருக்கேன். ஒரு தடவைகூட என்னடா ஆச்சுன்னு தோணல பாருங்க." கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தார். "அவன் சொல்லிட்டுப் போனது ஒரே ஒரு தடவைதான் போல. அதையும் செய்யல."

அதற்குமேல் அந்தக் கதாநாயகனைப் பற்றி மனைவி பேசவில்லை. நம் ஆளின் எதிரி வீழ்ந்தான். ஆனால் விழுந்த எதிரியைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

மறுநாள் அவரே பதிப்பாசிரியருக்குப் போன் போட்டார். "அஞ்சாவது வரிசையை எடுத்துடுங்க சார். ஆனா 'அனைவரும்'ங்கிற வார்த்தை வேணாம். 'கப்பலேறினர்'னு மட்டும் இருக்கட்டும். நீங்க உண்மையைச் சொல்ல வேணாம், நான் பொய் சொல்லல."

உலகத்தில் பாதி ஒப்பந்தங்கள் இப்படித்தான் கையெழுத்தாகின்றன. இரண்டு தரப்பும் நிம்மதியாக மூச்சு விட்டன. போனை வைத்த பிறகு நம் ஆளுக்கு மட்டும் அந்த மூச்சு பாதியில் நின்றது. அன்றைக்கு ஷிப்டு முடிந்து எல்லா வண்டியும் வந்த பிறகும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "என்ன சார், இன்னும் யாரு வரணும்?" என்று காவலாளி கேட்டார். "ஒருத்தர்" என்றார்.

புத்தகம் வந்தது. பத்துப் பிரதிகள். மனைவி அட்டையைத் தடவிப் பார்த்து, பின்னாலிருந்த தாளை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மூலையில் எறும்பு அளவுக்கு இருந்த பெயரை உரக்கப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு பிரதிகளை யார் யாருக்கு என்று பங்கு போட்டார்: டாக்டருக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, நம்பவே நம்பாத நாத்தனாருக்குக் கண்டிப்பாக ஒன்று. "எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தாளில் நாலு வரிசைகள் ஓடின. மூன்று கப்பல்வரை போயின, வழிகாட்டியுடையது முதலைவரை. கீழே வெள்ளை ஓரம் அகலமாகவே விடப்பட்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பணிமனை அடிக்கோலை வைத்து, நாலாவது வரிசைக்குக் கீழே மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். 'சமையல்காரர்' என்று எழுதினார். ஆற்றங்கரை நாளுக்கு நேராக, 'உலை ஏற்றியாயிற்று.' அதற்கு அப்பால் கட்டங்களைக் காலியாக விட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "டாக்டர் கேட்டா என்ன சொல்றது?"

"வண்டி இன்னும் வரலைன்னு சொல்லு."

மனைவி அடுத்த பிரதியின் தாளைப் பிரித்து, மடிப்பு எழும்பாதபடி இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் பிரதிவரை பத்திலும் அதே கோடு, அதே பென்சில். முடிந்ததும் அவர் புத்தகங்களை அடுக்கினார், அடிக்கோலைப் பைக்குள் வைத்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மேசைமேல் கிடந்த பேனாவின் மூடியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். பேனாவுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.