ராமப்பன் உலர்த்திய நீலச் சட்டைகள்

ஓசூரில் அடைமழை பிடித்தால் எல்லார் வீட்டுத் துணியும் நாறும். ராமப்பன் கொட்டகையில் தொங்கும் துணி நாறாது. இதை அவரே சொல்வார். டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார், கேட்காதவர்களிடம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். சொல்லட்டுமே, பொய் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, அஞ்செட்டி மலையிலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் இறங்கி வந்த மனிதர், இன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியின் பெண்கள் விடுதிக்கே யூனிஃபார்ம் துவைத்துக் கொடுக்கிறார் என்றால் அது சும்மா வந்ததா?

ஆரம்பத்தில் அவர் சென்னப்பன் என்பவரின் பட்டுப்புழு மனையில் கூலி. புழு வளர்க்கிறவனுக்கு ஈரம்தான் முதல் எதிரி. பின்னால் சென்னப்பன் புழுவைக் குறைத்துக்கொண்டு பாதி மனையை வாடகைக்கு விட்டபோது ராமப்பன் அதைச் சலவைக் கொட்டகையாக்கப் பிடித்துக்கொண்டார். "ஊரான் துணியத் துவைக்கப் போயிட்டான்" என்று பங்காளிகள் சிரித்தார்கள். தங்கை கல்யாணப் பந்தியில் அவருக்குத் தனியாக இலை போட்டார்கள். இலையை அப்படியே விட்டு எழுந்து வந்தவர், அதன்பிறகு அந்த மலை ஏறவில்லை. கொட்டகை வாசலில் தன் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தார்.

மழை நாளில் மற்றவர்கள் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் துணியைக் குவித்துப் போடுவார்கள். ராமப்பனுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவர் ஸ்பின்னரில் இரண்டு முறை பிழிவார். பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, சட்டையைத் தலைகீழாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுவார். கீழே துவாரம் திறந்திருக்கும். ஃபேன் துணியைப் பார்க்காது, கூரைக்கடியில் நிற்கும் ஈரக் காற்றை வெளியே தள்ளும். ரொம்ப ஈரம் கட்டினால் புழு மனையில் செய்த மாதிரியே தரையில் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார். அது ஈரத்தைக் குடித்துவிடும்.

இந்த வித்தை முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் முனிலட்சுமி. புருஷன் இல்லாதவள், பதினோரு வருஷமாக அவரிடம் வேலை. மகன் அஜித்குமாருக்கு இதில் நம்பிக்கை இல்லை.

"அப்பா, பாகலூர் ரோட்டுல எல்லாரும் டிரையர் போட்டுட்டாங்க. முக்கா மணி நேரத்துல காஞ்சு வருது."

"பேடா, வேணாம். மிஷினும் பேடா, கிஷினும் பேடா. நானே மிஷின்தான்டா" என்பார் ராமப்பன். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் முன்னால் வரும்.

போன ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. திங்கட்கிழமை கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்றெண்பது நீலச் சட்டையும் வந்தாக வேண்டும் என்று விடுதிப் பொறுப்பாளர் பிரியதர்ஷினி போனில் சொல்லிவிட்டார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மிஷின் வெச்சிருக்கிறவங்களுக்குக் குடுத்துடுறோம்" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை ராமப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் சட்டைகள் இன்னும் ஜில்லென்று இருந்தன. சுண்ணாம்பும் தீர்ந்துபோயிருந்தது. ராமப்பன் பக்கத்துப் பாதிக்குப் போய், அடுத்த வளர்ப்புக்கு முன்னால் மனையைச் சுத்தம் செய்ய சென்னப்பன் கலந்து வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் மூட்டையை இழுத்து வந்தார். பிரித்ததுமே மூக்கில் ஏறியது.

"அண்ணா, இது நம்ம சுண்ணாம்பு இல்லண்ணா" என்றாள் முனிலட்சுமி. "பிளீச்சிங் பவுடர் வாசன வருது. வேணாண்ணா."

"புழுவு இருக்கிற எடத்துக்குப் போடறது. புழுவுக்கே ஒண்ணும் ஆவல, துணிக்கு என்னா ஆவும்? நான் புழு வளக்கறப்ப நீ பொறந்தே இருக்க மாட்ட."

"பொறந்து ஸ்கூலுக்கே போய்ட்டிருந்தேன். அது புழுவு உள்ள வர்றதுக்கு முன்னால போடறதுண்ணா. நீங்க தூவுங்க, ஃபேன மட்டும் கீழ திருப்பாதீங்க."

அவரிடமிருந்தே அவள் கற்றுக்கொண்ட பாடம்தான் அது. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. ராமப்பன் தூவினார், நான்கு ஃபேனையும் துணி பார்க்கத் திருப்பி முழு வேகத்தில் வைத்தார். தரையிலிருந்து வெள்ளைப் புகைபோல எழுந்தது. முனிலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி ஃபேன்களை அணைத்தாள். அதற்குள் தூள் ஈரச் சட்டைகளில் உட்கார்ந்துவிட்டது. அலசிப் பார்த்தார்கள். நீலத்தில் அம்மை போட்டதுபோல் வெளிர்ப்புள்ளிகள். நூற்றுப்பத்துச் சட்டைகள் போயே போயிற்று.

மத்தியானம் பிரியதர்ஷினியே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு பண்ண வேலை இது?"

வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர். பக்கத்தில் மகன். இரண்டு கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். ராமப்பனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"நான் கொஞ்சம் வெளிய போயிருந்தம்மா. இந்தப் பொம்பள எதையோ எடுத்துத் தூவிட்டா. படிக்காத ஜனம், என்னா பண்றது?"

முனிலட்சுமி கையில் அலசிய சட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பிரியதர்ஷினியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். அவள் மறுத்துச் சொல்லியிருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருப்பார் என்று பின்னாளில் ராமப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

"இவங்க இனி எங்க துணியத் தொடக் கூடாது. நீங்களும் டிரையர் வாங்கிடணும். அப்படின்னா மேல பேசறேன்" என்றார் பிரியதர்ஷினி.

விடுதி கைவிட்டுப் போகவில்லை. எல்லாரும் போனபின் முனிலட்சுமி தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"உங்க பேரு கெடக் கூடாதுன்னு எம் பேர எடுத்துக் குடுத்துட்டீங்க. சரி, இருங்கண்ணா."

பத்தாம் நாள் மிஷின் வந்தது. அஜித்குமார் அதற்குப் பூமாலை போட்டான். தானே யோசித்து வாங்கினதாக ராமப்பன் டீக்கடையில் சொன்னார். சொன்னபோது குரல் சரியாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் முனிலட்சுமி வந்தாள். மிஷின் ஓடும் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தார். ஆள் இளைத்திருந்தாள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி பொறுக்கிக் கழிக்கும் வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாள்.

"மூணு லாண்டரில கேட்டேண்ணா. பிளீச்சிங் போட்டுத் துணியக் கெடுத்தவளாச்சேங்கறாங்க. நிர்மலா லாண்டரி ஓனரம்மா மட்டும், ராமப்பன் வந்து சொன்னா சேத்துக்கிறேன்னாங்க. ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். அந்த ஒரு ஆளுகிட்ட மட்டும், நான் இல்லன்னு சொல்லிடுங்க."

நிர்மலா லாண்டரி நாலு தெரு தள்ளி. நடந்தே போய்விடலாம். போய்ச் சொன்னால் அந்தம்மா யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதற்கு என்ன உறுதி? சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும், அஞ்செட்டிவரைக்கும் போய்விடும்.

"பாக்கலாம்" என்றார் ராமப்பன்.

"எப்பண்ணா?"

அவர் மிஷின் கதவைத் திறந்து, சுடச்சுட இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். கடைசிச் சட்டையை மடித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அவள் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.