மேலங்கியின் உட்புறம்

என் தம்பி பதினோரு ஆண்டுகள் ஒரு தொலைக்காட்சித் தொடரில், வேற்றுக்கோளிலிருந்து வந்து பூமியின் தண்ணீரைத் திருடும் அரசனாக நடித்தான். வாரந்தோறும் தோன்றும் பாத்திரமல்ல அது. நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை, மற்ற வில்லன்கள் தோற்று ஓய்ந்த பிறகு வருவான். ஆண்டின் கடைசி வாரத்தில் வெடித்தோ உறைந்தோ இறப்பான். மறு ஆண்டு ஏதேனும் ஒரு விளக்கத்தோடு திரும்புவான். சென்னையில் அவனைக் கண்ட குழந்தைகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம். ஆம்பூரில் அவன் அண்ணனாகிய எனக்கு வேறு விதமான மரியாதை கிடைத்தது. பாலாற்றுப் பாலத்தருகே டீக்கடையில் நான் அமர்ந்ததும், யாரேனும் ஒருவர் வறண்ட மணலைப் பார்த்துக்கொண்டே, "இன்னா சார், உங்க தம்பி எப்பத்தான் தண்ணிய திருப்பிக் குடுப்பாரு?" என்பார்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவன் மாரடைப்பில் இறந்தான். செய்தி பரவிய அன்று டீக்கடைக்காரர், "அவுரு எத்தினி வாட்டி செத்து வந்தவரு சார்" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் கோப்பையில் இரண்டாம் முறையாகச் சர்க்கரை போட்டார். அந்த டீயை நான் முழுவதும் குடித்தேன்.

அவனுடைய நடிப்பைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அவன் மீது நான் மூன்று ஆண்டுகள் வைத்திருந்த ஒரு சந்தேகத்தைப் பற்றி எழுதவே அமர்ந்திருக்கிறேன். அந்த அரசனை அவன் என்னைப் பார்த்தே உருவாக்கினான் என்பது அந்தச் சந்தேகம்.

எங்கள் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவராக இருந்தார். மேசைமேல் விரித்த தோலின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து மேல்நோக்கி அழுத்துவார். அந்த இடத்தில் தோல் எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார். குறை தெரிந்தால் மெழுகுக் கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் பெயரை உரக்கச் சொல்வார்: உண்ணிக்கடி, கத்திவெட்டு, முள்கீறல். குறையில்லாத தோலைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். இடப்பக்கம் இருக்கும் முதல்தர அடுக்கில் தள்ளிவிடுவார். வீட்டிலும் அதே முறைதான். குழம்பில் உப்புக் குறைந்தால் சொல்வார்; நன்றாயிருந்தால் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். என் மதிப்பெண் பட்டியலில் கணக்குக்கு நேராக வட்டம் போட்டார். மற்ற பாடங்களைப் பற்றி இறுதிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் வாய் திறந்து பாராட்டி நாங்கள் இருவரும் கேட்டதில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை. அவருடைய மௌனத்துக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும்.

எனவே தம்பியின் தொடர் தொடங்கியபோது, அண்ணனாக நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். அவன் தோன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ச்சி முடிந்ததும், எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்துக் குறைகளைச் சொல்வேன்.

"உங்க கோள்ல காத்தே கெடையாதுன்னு போன தடவ சொன்னியே. இன்னிக்கு உன் சிம்மாசனத்துக்குப் பக்கத்துல மெழுகுவத்தி எரியுது."

"அது காத்து இல்லாமலே எரியற மெழுகுவத்திண்ணா. அதுக்குத்தான் என்ன ராஜாவா வச்சிருக்கானுங்க."

"'வாழ்வு'ன்னு சொல்லத் தெரியாதவன் எதுக்குடா ராஜா? 'வால்வு' 'வால்வு'ன்னு குழாய் ரிப்பேர்காரன் மாதிரி பேசறே."

"தண்ணி திருடறவன்தானேண்ணா? வால்வு வேணுமே."

சிரிப்பான். ஆனால் அடுத்த முறை அவன் திரையில் தோன்றும்போது ழகரம் சரியாக வரும். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் நீல விளக்கு இருக்கும். எட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

ஒன்பதாம் ஆண்டு அரசனுக்குப் புதிய பழக்கங்கள் வந்தன. கைதியாகப் பிடிபட்ட விஞ்ஞானிக்குத் தண்டனை சொல்லுமுன், மேசைமேல் இருக்கும் வரைபடத்தின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து அழுத்திப் பார்த்தான். பிறகு தலையை உயர்த்தாமலே, "வேறே?" என்றான். வகுப்பில் மாணவர்களின் விடைத்தாளை நான் அப்படித்தான் பிடிப்பேன், தவறு ஒன்றைச் சொல்லி முடித்ததும், "வேறே?" என்றுதான் கேட்பேன். முதலில் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முயன்றேன். மறுநாள் உடன் பணியாற்றிய ஒருவர் என்னைச் சந்தையில் நிறுத்தி, "உங்க தம்பி உங்கள ஒரு எழுத்து விடாம படிச்சிருக்காரு சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் நான் பார்த்ததெல்லாம் சான்றாயிற்று. ஏவலாளை அரசன் திட்டிய தொனி என்னுடையது. அவன் மன்னிக்க மறுத்த முறையும் என்னுடையதே. பத்தாம் ஆண்டின் முடிவில் அரசன் ஒரு வாக்கியத்தின் நடுவே நிற்கத் தொடங்கினான். இடக்கையை நெஞ்சருகே வைத்து, மூச்சை இழுத்து, பிறகு தொடர்ந்தான். ஆய்வகப் புகையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட நான் அப்படித்தான் பேசுவேன். என் குணத்தைக் கேலி செய்திருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன். என் நோயையும் அவன் விட்டுவைக்கவில்லை என்று எண்ணினேன்.

ஒன்பதாம் ஆண்டிலேயே தொலைபேசியில் அழைப்பதை நிறுத்திவிட்டேன். பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு வாரம்கூடத் தவறவிடாமல், குற்றவாளியைப் பின்தொடர்பவனைப் போலப் பார்த்தேன். என் மனைவி, "நேரா கேட்டுட்டா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்றாள். கேட்கவில்லை. திருமண வீடுகளில் சந்தித்தபோது வெயிலைப் பற்றியும் சர்க்கரை அளவைப் பற்றியும் பேசிக்கொண்டோம். ஏன் அழைப்பதில்லை என்று அவன் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்காதது குற்ற உணர்வால் என்று முடிவு செய்தேன். முன்னைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தான். அதை வெற்றிக் களிப்பு என்று கருதினேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவி ரயிலில் ஆம்பூர் வந்தாள். கையில் ஒரு பெரிய பை. எதற்கு வந்தாள் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. மூன்றாண்டு மௌனத்துக்குக் கணக்குக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை என் பதில்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்து அரசனின் மேலங்கியை எடுத்தாள். தொடர்காரர்கள் கொடுத்த நெகிழித் துணியை மறுத்து, ஆம்பூரில் பதனிட்ட ஆட்டுத்தோலில் தம்பி தானே தைத்துக்கொண்டது. அவள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் உட்புறம் மேலே தெரியும்படி விரித்தாள்.

உட்புறத்தில் நீல மெழுகுக் கட்டியால் போட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் ஒரு சொல் இருந்தது: மெழுகுவத்தி. ழ. கண் சிமிட்டல். கத்தாதே. அவையெல்லாம் நான் சொன்னவை. கழுத்துப் பட்டையில் தொடங்கி இடுப்பு வரை நெருக்கமாக இறங்கியிருந்தன. அதற்குக் கீழே எதுவும் இல்லை. அவள் எழுதிக் கொண்டுவந்ததாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் ஐயுற்றேன். ஆனால் அந்த ழகரத்தின் கொக்கி சிறு வயதிலிருந்தே அவன் போடும் கொக்கி.

"நீங்க போன்ல சொன்ன அன்னிக்கே உக்காந்து எழுதிடுவாரு மாமா. ஷூட்டிங்ல இத போட்டுக்கும்போது ஒரு வாட்டி பாத்துட்டுதான் போடுவாரு."

கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததையே கேட்டேன். "அந்தக் கட்டைவிரல்? 'வேறே?'ன்னு கேக்கறது?"

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "உங்க அப்பாவோட கை தானே மாமா அது? அடுத்த தோல மேசமேல போடச் சொல்லி 'வேறே?'ன்னு கேப்பாராமே. அவுர நெனச்சாதான் ராஜாவுக்கு அந்த மெரட்டல் வருதுன்னு சொல்வாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று அறியாமலே அந்தக் கையை இத்தனை ஆண்டுகள் என்னுடையதாக வைத்திருந்தேன்.

"அப்போ, பேச்சுக்கு நடுவுல நிக்கறது?"

"அது நடிப்பு இல்ல மாமா." அவள் குரல் மாறவில்லை. "நெசமாவே மூச்சு வாங்கியிருக்கு. டைரக்டர் நல்லா இருக்கு, அப்படியே வச்சிக்கங்கன்னாரு. நானும் நடிப்புன்னுதான் இருந்துட்டேன். ஒரு வருஷமாவே இருந்திருக்கும்னு கடைசில டாக்டர் சொன்னாரு."

மேலங்கியின் வெறுமையான கீழ்ப்பகுதியைக் கையால் நீவிவிட்டாள்.

"இந்த எடத்த எல்லாருக்கும் காட்டுவாரு. மூணு வருஷமா அண்ணன் ஒண்ணும் சொல்லல, ஃபர்ஸ்ட் அடுக்குல போட்டுட்டாருன்னு. ராஜா வர ஞாயித்துக்கெழம எல்லாம் போன பக்கத்துல வச்சிக்கினு இருப்பாரு. எட்டரை ஆனதும், 'இன்னிக்கும் தப்பு இல்ல, சோத்தப் போடு'ம்பாரு."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் நம்பிக்க இல்ல மாமா. மூணு வருஷம் ஒருத்தர்கிட்ட ஒரு தப்பும் இல்லாம இருக்குமா? அவுரு இருக்கும்போது கேக்க மனசு வரல. அதான் இப்ப வந்தேன். அவுரு சொன்னது நெசந்தானே?"

நான் சொல்லாமல் விட்ட குறை ஒன்று இருந்தது. ஓராண்டுக்கும் மேலாக, அவன் தோன்றிய ஒவ்வொரு வாரமும் நான் அதைக் கண்டேன். சொல்லியிருந்தால் அன்றிரவே அதற்கொரு வட்டம் போட்டிருப்பான். மூச்சு ஏன் நிற்கிறது என்று தேடிப் போயிருப்பான். குறை சொன்னால் திருத்திக்கொள்ளத் தெரிந்தவன் அவன். என் கட்டைவிரல் அந்த வெறுமையான தோலின் அடியில் போய் அழுத்திக்கொண்டிருப்பதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "ஒரு தப்பும் இல்ல. ரொம்ப நல்லா பண்ணினான்."

அவள் மேலங்கியை மடித்தாள். மடிக்கும்போது இருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நல்ல தோலைப் பற்றி யாரும் வாய் திறந்து சொல்வதில்லை என்பது, இருபது ஆண்டுகள் அவனோடு வாழ்ந்த அவளுக்குத் தெரியாததல்ல.