பார்மசானும் மார்ஷ்மெல்லோவும்

இன்று காலை தோழி வசந்தாவோடு சான் ஃப்ரான்சிஸ்கோவின் நார்த் பீச் பக்கம் போயிருந்தேன். இத்தாலியர்களின் காபிக் கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த இடம்.

ஒரு கடையில் பார்மசான் சீஸை ருசி பார்த்த வசந்தா, பெரிய துண்டாகக் கேட்டாள்.

"இதில் என்னென்ன சேர்ப்பீர்கள்?" என்று நான் கடைக்காரரிடம் விசாரித்தேன். எதையும் கேட்டுவைப்பது என் சுபாவம்.

அவர் பெருமையாகச் சொன்னார். பால், உப்பு, பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ஒரு சாறு.

சுத்த சைவமான வசந்தா துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். "மாட்டெலும்புலேர்ந்து எடுக்கற ஜெலட்டின் இருக்குன்னு ப்ரியாவ ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் தொட விட்டதில்லடி. பர்த்டே பார்ட்டிலேர்ந்து அழுதுண்டே வருவா. நான் என்னடான்னா பாஸ்தா மேல இத மழையா தூவிண்டிருக்கேன். அவகிட்ட எப்படிச் சொல்வேன்?"

"சொல்லாதே."

"உனக்கென்ன, ஈஸியா சொல்லிடுவ."

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியிலிருக்கும் மகள் ப்ரியாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் ப்ரியாவின் பதில் எனக்கும் கேட்டது.

"ஐ நோ, அம்மா. சின்ஸ் ஹைஸ்கூல். யூ லவ்ட் இட் ஸோ மச்."

வசந்தா ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குடி நீ அந்தாளக் கேட்ட?"

உங்கள் பிள்ளைகளும் உங்களுக்காக எதையாவது இப்படித் தெரிந்தே சொல்லாமல் இருக்கலாம். கேட்கிற துணிச்சல் உள்ளவர்கள் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.