நாயுடு மாடியில் செவ்வாய்

பல் பிடுங்குகிற வைத்தியரை யாரும் கேள்வி கேட்க முடியாது, வாய் அவர் கையில் இருக்கிறது. கிரகம் காட்டுகிறவன் கதி அப்படியல்ல. தொலைநோக்கிக் குழாயில் ஒரு கண்ணை வைத்ததுமே பார்க்கிறவருக்கு வாய் சும்மா ஆகிவிடுகிறது. சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும்? கேட்கும். கல்லாவிலும் கவுண்ட்டரிலும் உட்கார்ந்து, ஒரே கேள்விக்கு ஆயுசு முழுக்கப் பதில் சொல்லித் தேய்ந்துபோன சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பகலில் எனக்குத் திருத்தணி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. சென்னையில் தொலைநோக்கி செய்யச் சொல்லிக்கொடுத்த ஒரு முகாமுக்குப் போய்வந்து, தடிமனான கண்ணாடி வட்டு ஒன்றை மாதக்கணக்கில் தேய்த்து, தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி நானே ஒன்று செய்தேன். அதை வைக்க மொட்டைமாடியைக் கொடுத்தவர் மலையடிவாரத்தில் லாட்ஜ் நடத்துகிற முனிரத்தினம் நாயுடு. காரணமில்லாமல் கொடுக்கவில்லை. அவர் மகள் தேவகிக்கு ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய். வருகிற வரனெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, அதோடு போய்விடும். செவ்வாய்க்கு அதிபதி முருகன். தோஷம் கழிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் இந்த மலைக்குத்தான் வருகிறார்கள். நாயுடு லாட்ஜில்தான் பெட்டியை வைக்கிறார்கள். குழாயை மாடியேற்றிய அன்று நாயுடு என்னிடம் சொன்னார்:

"ஊர்ல இருக்கறவங்கல்லாம் பரிகாரத்துக்கு இங்க வந்துகினு இருக்காங்க. இங்கியே பொறந்தவ எங்க சாமி போவா? அந்தக் கிரகத்துகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

உருண்டு இறங்கிய வண்டி

தொண்ணூற்றேழில் அமெரிக்காக்காரர்கள் செவ்வாயில் ஒரு சின்ன வண்டியை இறக்கினார்கள். அவ்வளவு தூரத்தில் எப்படி இறக்கினார்கள் என்று கேட்டார், மலைமேல் மொட்டை அடிக்கிற ஏழுமலை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். வண்டியைச் சுற்றிப் பலூன் ஊதி மேலேயிருந்து விட்டார்கள். அது பந்து மாதிரி எகிறி எகிறிக் குதித்து உருண்டு நின்றது. அப்புறம் பலூன் சுருங்கி, வண்டி மெல்ல வெளியே வந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏழுமலை என் முதுகைத் தட்டி, கதை விடுவதற்கும் ஓர் அளவு வேண்டும் என்றார்.

உண்மை செல்லாத இடத்தில் வேறு நாணயம் எடுக்க வேண்டியதுதான். அந்த யோசனையே நம்ம ஊரிலிருந்து போனதுதான் என்று ஆரம்பித்தேன். மடப்பள்ளிக்குக் கொண்டுபோன பூசணிக்காய் ஒன்று, வைக்கோல் சுற்றிய சாக்கோடு மலை உச்சியில் கைநழுவி, படிப்படியாக எகிறிக் குதித்து அடிவாரம் வரைக்கும் வந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் என் கடை வாசலில் நின்றதையும், அதை வேடிக்கை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் அங்கேயே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு போனதையும் விவரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை தாடையைத் தடவிக்கொண்டார்.

"ஆங், அந்தப் பூசணிக்காய நான்கூடப் பாத்தேன். அந்த வெள்ளைக்காரன் குடுமி வச்சிருந்தான்."

அடுப்பு எரியுமா?

கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர் சுந்தரேசய்யர். கை நிறைய புளியோதரை வாசனையோடு ஒருநாள் மாடியேறி வந்தார். ஆள் இருக்கிறானா, பேய் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. அடுப்பு எரியுமா என்று கேட்டார். எரியாது, அங்கே காற்று ரொம்ப மெலிசு, அதிலும் நெருப்புக்கு வேண்டிய சரக்கு கிடையாது என்றேன். தண்ணீர்? கொதிக்கும், ஆனால் சூடாவதற்கு முன்னாலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்றேன். போய்ச் சேர எத்தனை நாள்? ஏழெட்டு மாசம் ஆகும், திரும்பி வருவதற்கு அதற்கு மேலும் ஆகும் என்றேன்.

குழாயைவிட்டுக் கண்ணை எடுத்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, என்மேல் நிஜமான கவலையோடு கேட்டார்:

"சாதம் வேகாத ஊருக்கு எதுக்கு ஓய் இத்தனை பாடுபட்டுண்டு போறா?"

சந்தனக் காப்பு

எங்கள் மாடியில் செருப்போடு யாரும் குழாய்கிட்டே வரமாட்டார்கள். நான் சொல்லித்தரவில்லை, அதுவாக வந்த பழக்கம். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் குனிவார்கள். ஒரு கிருத்திகையன்று புதுமொட்டை ஒருவர், தலை முழுக்கச் சந்தனம் ஈரமாகப் பூசியவர், ஆசையாகக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் கனகம்மாசத்திரத்தில் பூக்கடை வைத்திருக்கிற அம்மாள். பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது. எனக்குப் பயமாகிவிட்டது. குனிந்து பார்த்தால், மொட்டைக்காரர் நெற்றியிலிருந்த சந்தனம் கண் வைக்கிற கண்ணாடியில் அப்பியிருக்கிறது. செவ்வாய் மஞ்சளாகக் குழம்பிப்போய்க் கிடக்கிறது.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்காதீங்க சாமி. செவப்பா எல்லாருக்கும்தான் காட்டறாரு, எனக்குன்னு சந்தனக் காப்புல நிக்கறாரு."

தண்ணீர்

எல்லாரும் தவறாமல் கேட்கிற கேள்வி இதுதான். மழை பொய்த்த ஒரு வருஷம். திருவாலங்காட்டிலிருந்து கரும்பு போடுகிறவர் ஒருத்தர் வந்தார். சர்க்கரை ஆலைக்கு அனுப்பக் கரும்பில்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர். அங்கே தண்ணீர் உண்டா என்றார். நான் உற்சாகமாக, கிரகத்தின் உச்சியில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பனிதான் என்றேன். மண்ணுக்கு அடியிலும் உறைந்து கிடக்கிறது என்று சமீபத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றேன். ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம்கூட இருக்கிறது என்றேன். நான் பேசப் பேச அவர் முகம் கடுத்துக்கொண்டே வந்தது.

"எங்க ஊர்லயும் அப்டித்தான் சொல்லிகினு இருக்காங்க. அடியில தண்ணி இருக்குதாம், ஆறு ஓடின தடம் இருக்குதாம். மோட்டாரப் போட்டா காத்து வருது."

துண்டு கொண்டுவந்தவர்

லாட்ஜுக்குத் துண்டும் போர்வையும் பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும். கொண்டுவருகிறவன் சீனு, வீட்டிலேயே தறி போட்டிருக்கிற குடும்பம், அம்மா ராஜம்மா வைத்ததுதான் சட்டம். துண்டைக் கணக்குப் பார்த்து வாங்குகிறவள் தேவகி. எப்போதிலிருந்து என்று தெரியாது, மூட்டையை இறக்கியதும் சீனு மாடிக்கு வந்துவிடுவான். செவ்வாய் ஏன் சிவப்பு? இரும்புத் துரு, தம்பி. அங்கே ஒரு நாள் எவ்வளவு? நம்ம நாளைவிடக் கொஞ்சம் கூட. நிலா உண்டா? இரண்டு, உருளைக்கிழங்கு மாதிரி. ஒவ்வொரு தடவையும் இதே கேள்விகள், ஒவ்வொரு தடவையும் என்னிடமிருந்து இதே பதில்கள். பதில் சொல்லும்போது பையன் பார்வை மாடிப்படிப் பக்கமே இருக்கும். தேவகி எனக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுவருவாள். அந்த நாட்களில் எனக்கு அவ்வளவு தாகம் எடுக்கும் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் அவள் வருகிற சத்தம் கேட்டதும் அவசரமாகக் குழாயில் கண்ணை வைத்து, ரொம்ப அழகாக இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது என்று வர்ணித்துக்கொண்டே போனான். தேவகி செம்பை வைத்துவிட்டு, குழாயின் மேல்வாயை ஒரு பார்வை பார்த்தாள்.

"மூடியக் கழட்டிட்டுப் பாக்கச் சொல்லுங்க மாமா, இன்னும் கொஞ்சம் நல்லாத் தெரியும்."

நிலா அளவு

இரண்டாயிரத்து மூன்று. செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்டத்தில், ஐந்தரைக் கோடி கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்த வருஷம். மனுஷன் நினைவு தெரிந்து அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. தொலைநோக்கியில் எழுபது, எண்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெறுங்கண்ணில் நிலா தெரிகிற அளவு தெரியும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக மாறி வந்ததில் முன்பாதி உதிர்ந்துபோய், ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி செவ்வாய் நிலா அளவு தெரியும் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நாயுடு லாட்ஜில் அந்தத் தேதிக்கு ஓர் அறை மிச்சமில்லை.

நோட்டீஸ் பொதட்டூர்பேட்டைக்கும் போயிருக்கிறது. அப்போதுதான் சீனு துணிந்து வீட்டில் தேவகி பேச்சை எடுத்திருந்தான். ராஜம்மா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். கிரகம் தூரத்தில் இருக்கும்போதே தோஷம், இப்போது நிலா மாதிரி வீங்கிக்கொண்டு தலைக்குமேல் வரும்போது அந்தப் பெண்ணை எடுப்பதா? எவ்வளவு பெரிதாக வருகிறது என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன், அளவுக்கு மீறி இருந்தால் இந்தப் பேச்சே வீட்டில் வரக்கூடாது என்றாராம்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் கண்ணாடிக்குச் சொல்லியிருந்தார். நேரே வீட்டுக்கே கொண்டுபோனேன். காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டே, நிலா அளவு என்பதெல்லாம் குறைத்துச் சொல்கிறார்கள் என்றேன். அண்டா அளவு இருக்கும், அன்றைக்குத் தறிக்கு லைட் போட வேண்டாம், அந்த வெளிச்சத்திலேயே புடவை நெய்யலாம் என்றேன். வடக்கே ஒரு ஊரில் கோழிகளெல்லாம் இப்போதே சாயங்காலத்தில் கூவுகின்றன என்றும் சொன்னேன். தறிச்சத்தம் நின்றுவிட்டது, சித்தி, பெரியம்மா, ஓரகத்தி எல்லாரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

சீனு மூலமாக இது லாட்ஜுக்கு வந்துவிட்டது. மறுநாள் போனால் நாயுடு என் முகத்தைப் பார்க்கவில்லை. தேவகி பார்த்தாள். அழுத கண். ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"மாமா, அந்தக் குழாய் செஞ்ச நேரத்துல உங்க வாய்க்கு ஒரு மூடி செஞ்சிருந்தா ஊருக்கு உபகாரமா இருந்திருக்கும்."

அந்தச் சாயங்காலம்

பொழுது சாய்வதற்கு முன்னாலேயே மாடி நிறைந்துவிட்டது. ராஜம்மா தனியாக வரவில்லை. ஒரு வேன் நிறைய சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு, நான் போட்டுக்கொடுத்த கண்ணாடியோடு வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். கிழக்கே மேகம். நாயுடு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேவகி மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றாள், மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

மேகம் விலகியது. செவ்வாய் அங்கேதான் இருந்தது, நல்ல செக்கச்சிவப்பாக, ஒரு மிளகு அளவுக்கு.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் இரைச்சல் ஆரம்பித்தது. இதற்கா ரூம் போட்டோம் என்றார் ஒருவர். நிலா எங்கே, நிலாவைக் காட்டு என்றார் இன்னொருவர். நாயுடு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. சீனு விரலை நீட்டி அம்மாவுக்குக் காட்டினான். ராஜம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அது நட்சத்திரம்டா, கிரகத்தைக் காட்டு என்று அதட்டினார். அம்மா, அதுதான் கிரகம் என்று சொல்லி, கையைப் பிடித்துக் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாயில் ஒரு பட்டாணி அளவுக்கு, உச்சியில் வெள்ளைப் பொட்டோடு ஆடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, வேனில் வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வந்து பாருங்கடி எல்லாரும். இந்த இத்தினிக்கூண்டுப் பயலுக்கா பயந்துகினு என் புள்ளைய வாடவிட்டோம்?"

சித்தி பார்த்தார். பெரியம்மா பார்த்தார். ஓரகத்தி இரண்டு தரம் பார்த்தார். பட்டாணிதான், பட்டாணிதான் என்று ஒரு வேன் ஒரே குரலில் சாட்சி சொன்னது. நிலா வரவில்லை என்று இருபது வீட்டார் கோபமாக இறங்கிப் போன அதே மாடியில், நிலா வரவில்லை என்று நாயுடு எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். சீனு மாடிப்படியைத் தேடினான். தேவகி அதற்குள் மேலே வந்து, ராஜம்மா கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டாள்.

அண்டாவை எதிர்பார்க்க வைத்துப் பட்டாணியைக் காட்டிய என் அண்டப்புளுகு ஜெயித்த பெருமையில் நான் குழாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். ராஜம்மா செம்போடு பக்கத்தில் வந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரல்.

"அண்டா அண்டான்னு நீங்க சொன்னப்பவே உங்க மீசை சிரிச்சுகினு இருந்துச்சு பெரியவரே. எனக்குப் பொண்ண எப்பவோ புடிச்சுப்போச்சு. எங்க ஜனங்க வாய மூட வேணாமா? அதுக்குத்தான் அத்தினி பேரையும் வேன்ல ஏத்திகினு வந்தேன்."

செவ்வாயில் வல்லரசுகள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் இறக்கட்டும், பொதட்டூர்பேட்டை ராஜம்மாவைப் பிடிவாதத்திலிருந்து பத்திரமாகத் தரையிறக்கியவன் நான்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன், வண்டியை ஓட்டிவந்தது அந்த அம்மாளேதான் என்றாலும்.